பழவேற்காடு சரணாலய எல்லையை குறைச்சா நல்லதுங்கறார் எங்க மாமா, நான் என்ன பதில் சொல்றது?

திருவொத்தியூர்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா போகும், பொறுத்துக்கோங்க. நான் திருவொத்தியூர், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை. அம்மா ஊரு பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம், ஊர் பேர் வேணாம், நாலு பேர் படிச்சா மாமாவுக்குதான் தலைவலி.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்கு போயிருந்தேன். பறவை சரணாலயத்தோட எல்லையை குறைக்கப் போறாங்க, அதுக்கு ஊர் சம்மதம்னு கையெழுத்து கேட்டா போட்டுடலாம்னு ஊர்ல பேச்சு ஓடுது. எவ்ளோ உண்மைன்னு தெரியல, டீக்கடை பேச்சாவும் இருக்கலாம். ஆனா மாமா ரெடியா இருக்காரு. நான் வேணாம் மாமான்னு சொன்னேன், அவ்ளோதான், சோத்துல கை வெச்சிருந்த மனுஷன் எழுந்துட்டாரு. "மருமவனே, பூநாரைக்கு ஏரியில எடம் இருக்கு, எனக்கு என் அப்பன் வாழ்ந்த எடத்துல ஒரு ஓட்டு வீட்ட இடிச்சு தளம் போட முடியல, ஒரு ஆபீசுக்கு போனா இன்னொரு ஆபீசுல தடையில்லா சான்று வாங்கினு வாங்கறான், அங்க போனா ஃபாரஸ்ட்ட கேளுங்கறான், நீ லீவுக்கு வந்து பைனாகுலர்ல பாத்துட்டு போற, உனக்கு இன்னா தெரியும்"னாரு.

எனக்கு பதில் சொல்லத் தெரியல. அவர் சொன்னதுல பொய் இல்ல. ஆனா கையெழுத்து போட்டா தப்பா ஆயிடும்னு வயித்துக்குள்ள என்னமோ சொல்லுது. சட்டம் தெரிஞ்சவங்க, எண்ணூர் பக்கம் இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க. எல்லை குறைஞ்சா அவருக்கு வீடு கட்ட முடியுமா? இல்ல வேற யாரோ வந்து கட்டுவாங்களா?

---

நெட்டுக்குப்பம் அண்ணாத்த:

தம்பி உங்க மாமா மேல எனக்கு கோவமே வரல, அவர் எடத்துல நான் இருந்தாலும் அத்ததான் சொல்லியிருப்பேன். ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் அவர எங்க எண்ணூருக்கு கூட்டினு வா, டீ என் செலவு.

ரெண்டும் ஒரே தண்ணிதான பா. பக்கிங்காம் கால்வாய் இங்கேர்ந்து அங்க போவுது, எங்க அப்பா காலத்துல படகுலயே பழவேற்காடு போய் வருவாங்க. அங்க சரணாலயம்னு ஒரு கோடு கீது. எங்களுக்கு இருந்தது ஒரு மேப்பு மட்டும்தான். 1996-ல போட்ட கடற்கரை மேப்புல எங்க ஆறு, கழிமுகம், உப்பளம், அலையாத்தி எல்லாம் பாதுகாக்கற எடம்னு போட்டு கீது. அப்பால இன்னொரு மேப்பு வந்துச்சு, அதுல எங்க ஆத்தயே காணோம்! வடிவேலு கிணத்தக் காணோம்னு கத்துவாரே, அது மாதிரி ஆயிரக்கணக்கான ஏக்கர் காணோம். 2017-ல ஆர்டிஐ போட்டப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு, கமல் சார் கூட வந்து பாத்துட்டு போனாரு, டிவியில நாலு நாள் ஓடுச்சு. அதுக்குள்ள மேப்புல காணாம போன எடத்துல நெசமாலுமே மண்ணு கொட்டியாச்சு.

இன்னா ஆச்சுன்னு கேளு. பவர் பிளான்ட் சாம்பல் பைப்பு ஒடஞ்சு ஒடஞ்சு ஆத்துல கொட்டி, ஆளு மூழ்கற ஆழம் இருந்த எடத்துல இப்ப முட்டிக்கால் தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எங்க வலை, படகு, வீட்டு சுவரு எல்லாம் கருப்பா அப்பிகிச்சு, கூழைக்கடா ரெக்கைய விரிக்க முடியாம படகு மேல குந்தினு இருந்துச்சு, அத்த பாத்தவன் மறக்க மாட்டான். அதுக்கு முன்னாடியே காக்கா ஆழின்னு ஒரு சிப்பி வந்துச்சு, இது இந்த ஊரு ஆழி கெடையாது, கப்பல் அடித்தண்ணியில வந்துதுன்னு சொல்றாங்க, ஆத்தடியில பாய் விரிச்ச மாதிரி ஒட்டிகினு இறாலுக்கு சேத்துல பொதைய எடமே இல்லாம பண்ணிடுச்சு. இப்ப அது உங்க ஏரிக்கும் வந்தாச்சு.

இதுல ஒரு வீடாவது எங்க ஆளுக்கு கெடைச்சுதா? கோடு போனப்போ எங்களுக்கு ஒரு சென்ட் வரல. உங்க மாமாகிட்ட இந்த ஒரு கேள்விய மட்டும் கேளு.

---

காசிமேடு கணக்கு:

எல்லாம் சரி அண்ணே, ஆனா கொஞ்சம் ஓவர் பில்டப். வெள்ளை கார்ல கேமரா தூக்கிட்டு வர்றவங்களுக்கு பூநாரை வேணும், பொன்னேரி பக்கம் பிஇ படிச்ச பசங்களுக்கு வேலை வேணும். எல்லாத்துக்கும் தடை தடைன்னா யாரு சோறு போடுவா? துறைமுகம், சிப்காட் எல்லாம் தென் சென்னையில வெச்சா ஒத்துக்குவாங்களா, அதனால இங்க வருது, வந்ததை வெச்சு பொழைக்கணும். அதுவும் இல்லாம சரணாலய ரூல்ஸ் மீனவனத்தான் முதல்ல அடிக்குது, மோட்டார் போடாத, அங்க வலை போடாத. உங்க மாமா சொல்றதுதான் பிராக்டிகல்.

---

திருவொத்தியூர்காரன்:

@காசிமேடு கணக்கு வேலைன்னு சொன்னீங்க, நான் அந்த வேலையிலதான் இருக்கேன். பதினோரு மாச கான்ட்ராக்ட், புதுப்பிச்சு புதுப்பிச்சு ஆறு வருஷம். எங்க யார்டுல டிரைவர் பாதி வெளி மாநிலம், அவங்கள தப்பு சொல்லல, அவங்களும் பொழைக்க வந்தவங்க. குப்பத்து பையன் யாருன்னு தேடுனா செக்யூரிட்டியில ரெண்டு பேரு. அதனால வேலை வரும்னு சொல்லி மாமாவ நான் ஏமாத்த முடியாது. ஆனா மீனவனத்தான் முதல்ல அடிக்குதுன்னீங்களே, அது சரி, அதுக்குதான் எனக்கு பதில் வேணும்.

---

பாரிமுனை வக்கீல்:

தம்பி, மூணு விஷயத்தை எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க, பத்திரிகைக்காரங்களும் சேர்த்துதான். சரணாலய எல்லை ஒண்ணு. அதைச் சுத்தி வர்ற சூழல் உணர்திறன் மண்டலம் ரெண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், நாம சிஆர்இசட்னு சொல்றது, மூணு. உங்க மாமா வீடு இதுல எதுல மாட்டியிருக்குன்னு சர்வே நம்பரை வெச்சு முதல்ல பாருங்க. அனேகமா அவரை தடுக்கறது பூநாரை இல்ல, முடிக்காம விட்ட ஃபைல்.

ஏன்னா பழவேற்காடு தமிழ்நாட்டுப் பக்கம் சரணாலயம் ஆனது 1980-ல, 153 சதுர கிலோமீட்டருக்கு மேல. 1972 வனவிலங்கு சட்டப்படி சரணாலயம்னு அறிவிச்சா அதோட வேலை முடியாது. கலெக்டர் விசாரிக்கணும், உள்ளே யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு 21-ஆம் பிரிவுல அறிவிப்பு குடுத்து ரெண்டு மாசத்துக்குள்ள கோரிக்கை வாங்கணும். 24-ஆம் பிரிவுல அந்த உரிமையை நிலத்தோட கையகப்படுத்தலாம், எல்லையிலேர்ந்து விலக்கலாம், இல்லன்னா தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துட்டு அப்படியே தொடர விடலாம். இந்த மூணாவது வழிதான் உங்க மாமாவுக்கு வேண்டியது. இதை வருஷக்கணக்கா இழுத்தடிச்சதனாலதான் ஜனங்களுக்கு சரணாலயம்னாலே கசக்குது. அந்தக் கசப்பை வேற யாரோ பயன்படுத்திக்கறாங்க. இது என் சொந்த அபிப்பிராயம்.

எல்லையை குறைக்கறது கையெழுத்து வாங்கி முடியற சமாச்சாரம் இல்ல. 26ஏ பிரிவுப்படி தேசிய வனவிலங்கு வாரியம் சிபாரிசு செய்யணும். 2000 நவம்பர்ல டபிள்யூடபிள்யூஎஃப்-இந்தியா அமைப்போட வழக்குல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு வேற இருக்கு, கோர்ட்டுக்குத் தெரியாம சரணாலயத்தை ரத்து பண்ண முடியாது. அப்புறம் எதுக்கு ஊர் கையெழுத்துன்னா, நாளைக்கு வாரியத்துல "ஜனங்களே கேக்கறாங்க"ன்னு காட்டறதுக்கு. அந்தக் காகிதத்தோட மதிப்பு அவ்வளவுதான், ஆனா அது சின்ன மதிப்பு இல்ல.

வேடந்தாங்கல் ஞாபகம் இருக்கா? ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் சரணாலயம்னு 1998-ல அறிவிச்சது. 2020-ல, ஊரே லாக்டவுன்ல கெடக்கறப்போ, வெளி 2 கிலோமீட்டரை எடுத்துடலாம்னு வனத்துறையே முன்மொழிஞ்சுது. காப்பாத்த வேண்டியவங்களே கத்திரிக்கோலை எடுத்தாங்க. பறவை பாக்கறவங்க, ஊர்க்காரங்க, கோர்ட் எல்லாம் சேர்ந்து நின்னதுல அது நடக்கல. அந்த ஊர் ஜனங்க கல்யாணத்துக்கு கூட வெடி வெக்க மாட்டாங்க, ஏன்னா பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி அவங்க வயலுக்கு உரம். அவங்களுக்கு இது சட்டம் இல்ல, விவசாயம்.

வீட்டு பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். 2022 ஜூன் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், சரணாலயம் ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேணும், அதுக்குள்ள எதுக்காகவும் புது நிரந்தர கட்டுமானம் கூடாதுன்னு சொல்லிடுச்சு. கேரளாவுல பந்த் எல்லாம் நடந்துச்சு. 2023 ஏப்ரல்ல அதே கோர்ட் அதை மாத்திடுச்சு, அந்த ஒட்டுமொத்தத் தடை இப்ப இல்ல. இதை மாமாகிட்ட சொல்லுங்க, பாதி கோவம் இறங்கும்.

சிஆர்இசட் பக்கம் வாங்க. 2011 அறிவிக்கையில ஆறு, கழிமுகக் கரையில 100 மீட்டர் இல்லன்னா அந்த ஓடையோட அகலம், எது கம்மியோ அது. 2019 ஜனவரியில வந்த புது அறிவிக்கையில அது 50 மீட்டர் ஆச்சு. ஜன நெருக்கமான கிராமத்துல கடலோரத்துல 200 மீட்டர் தடை 50 மீட்டரா இறங்குச்சு. ஒரே கையெழுத்துல பல எடத்துல பாதுகாப்பு சுருங்கிடுச்சு, எத்தனை குப்பத்துல வீடு வந்துச்சு? சரணாலயத்தை சுருக்கினாலும் இதே கதைதான். இன்னொண்ணு, கடற்கரை மேப்பு போடும்போது மீனவ கிராமங்களோட வருங்கால வீட்டுத் தேவையையும் திட்டமா சேர்க்கணும்னு 2011 அறிவிக்கையிலயே இருக்கு. அதைக் கேட்டு மனு போட்டவங்க எத்தனை பேரு? யாருமே கேக்கறதில்ல. கேளுங்க.

---

காசிமேடு கணக்கு:

வக்கீல் சார், 50 மீட்டர் ஆனதுக்கப்புறம் எங்க குப்பத்துல ரெண்டு மூணு வீட்டுக்கு நல்லதாதான் ஆச்சு, அதையும் சொல்லணும்ல.

---

பாரிமுனை வக்கீல்:

ஆயிருக்கும், மறுக்கல. அந்த ரெண்டு மூணு வீட்டுக்கு தனியா வழி பண்ணியிருக்கலாம்னுதான் சொல்றேன். குப்பத்துக்காரனுக்கு 50 மீட்டர்னா ரிசார்ட்டுக்கும் 50 மீட்டர்தான், அங்கதான் இடிக்குது.

---

பெரம்பூர் பறவைக்கிறுக்கு:

கேமரா தூக்கிட்டு வர்ற ஆளு நான்தான், ஆனா கார் இல்ல, பொன்னேரி வரைக்கும் லோக்கல் ட்ரெயின், அங்கேர்ந்து பஸ், காசிமேடு அண்ணன் கொஞ்சம் மன்னிக்கணும் :)

சிலிக்காவுக்கு அடுத்து நாட்டுலயே பெரிய உப்புநீர் ஏரி இது. பூநாரை மட்டும்னு நினைச்சுக்காதீங்க, அது நின்ன எடத்துல போட்டோவுக்கு அழகா இருக்கும், அதனால பேரு வாங்கிடுச்சு. நான் போறது உள்ளானுக்கு, சைபீரியா பக்கத்துலேர்ந்து வர்ற கைப்பிடி அளவு பறவை, சேத்துல மூக்கை விட்டு புழு எடுக்கும். வளைமூக்கு உள்ளான் எல்லாம் இப்ப உலகம் பூரா குறைஞ்சுட்டு வருது. அதுக்கு கணுக்கால் ஆழ சேறு வேணும், அந்த சேத்துலதான் இறால் குஞ்சும் வளருது. உள்ளான் வராத வருஷம் மாமா வலையிலயும் ஒண்ணும் இருக்காது.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு சொல்றேன். மெட்ராஸ் ஹார்பர் கட்டினப்போ தெற்கேர்ந்து வடக்கே போற மணல் அங்க தடுக்கிச்சு, மெரினா அகலமாச்சு, ராயபுரம் திருவொத்தியூர் கரை கடலுக்குள்ள போச்சு, இன்னிக்கும் கல்லு கொட்டிட்டு இருக்கோம். இப்ப காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கர்லேர்ந்து 6,000 ஏக்கருக்கு மேல விரிவாக்கணும்னு திட்டம் கெடக்குது, 2021 ஜனவரியிலயும் 2023 செப்டம்பர்லயும் மக்கள் கருத்துக் கேட்பு வெச்சு ரெண்டு தடவையும் தள்ளிப் போச்சு. அதுக்கு வடக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல இருக்கறது மெல்லிசு மணல் திட்டு. அது போனா கடலும் ஏரியும் ஒண்ணாயிடும், பறவையும் இல்ல, பாடும் (முறை வெச்சு வலை கட்டற எடம்) இல்ல. எல்லையை குறைக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு போயிடுங்க.

என் தம்பி அமெரிக்காவுல இருக்கான், அங்கயும் இதே பஞ்சாயத்து. அங்க அழிஞ்சுபோற உயிருக்கு 1973-ல ஒரு சட்டம், அதுல "தீங்கு" செய்யக்கூடாதுன்னு இருக்கு, வாழற எடத்தை கெடுத்து அதனால விலங்கு செத்தா அதுவும் தீங்குதான்னு விதியில விளக்கம் வெச்சாங்க, 1995-ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே அது சரிதான்னுச்சு. 2025 ஏப்ரல்ல அந்த விளக்கத்தையே எடுத்துடறோம்னு அவங்க அரசு அறிவிச்சுது. ஆந்தையை சுடக்கூடாது, ஆனா அது கூடு கட்டற மரத்தை வெட்டிக்கலாம்ங்கற கணக்கு. நம்ம ஊர்ல அந்த விளக்கம் முதல்லேர்ந்தே அவ்ளோ தாராளமா இல்ல. நம்ம சட்டத்துல "வேட்டை"ங்கறதுல முட்டை, கூடு கலைக்கறது வரைக்கும் வருது, மேயற சேத்தை மூடறது வராது. அதனால நமக்கு சரணாலயம்னு போட்ட கோட்டை விட்டா வேற பிடிமானம் ரொம்ப கம்மி. அந்த கோட்டையும் அழிச்சுட்டா பறவை பேர்ல மட்டும்தான் பட்டியல்ல இருக்கும்.

---

காட்டுக்குப்பம் அக்கா:

நான் போன்ல பேசி டைப் ஆவுது தப்பு இருந்தா பாத்துக்கோங்க. எங்க பக்கம் இருளர் ஜனங்க கையால இறால் தடவுவாங்க பனை ஓலையில செஞ்ச பறிய, அதான் கூடைய, வாயில கடிச்சுகினு தண்ணில மண்டி போட்டு ரெண்டு கையும் சேத்துல வெச்சு தடவி எடுத்து பறியில போடணும் நானும் கல்யாணமாகி வந்த புதுசுல பாத்துட்டு இருப்பேன் ஒரு மணி நேரத்துல கொழம்புக்கு மேல சந்தைக்கும் ஆவும். இப்ப அந்த காக்கா ஆழி கைய கிழிக்குது துணி சுத்திகினு போறாங்க துணி சுத்துனா இறால் கைக்கு தெரியாது. அவங்களுக்கு சங்கமும் இல்ல பாடும் இல்ல மேப்புல பேரும் இல்ல. தம்பி உங்க மாமாவுக்கு வீடு இல்லாதது நெசம்தான் ஆனா அவருக்கு பாடு இருக்கு இல்ல, எந்த நாளு யாரு எங்க வலை கட்டறதுன்னு முறை இருக்கு இல்ல, அந்த ஏரி இருந்தாதான முறை. எங்க ஊர்ல முறை எல்லாம் அப்படியே கீது வலை போட எடம்தான் இல்ல.

---

நெட்டுக்குப்பம் அண்ணாத்த:

அக்கா சொன்னதுக்கு மேல நான் இன்னா சொல்றது.

---

மணலி புதுநகர்:

இதுல ஒரு வார்த்தை. நாங்க மீனவங்க இல்ல, பறவையும் பாக்கறதில்ல. 2015-ல தண்ணி, 2023-ல தண்ணி. பூண்டி தொறந்தா கொசஸ்தலை ஆறு வந்து சேர வேண்டியது எண்ணூர் வாய்க்குதான். அங்க மண்ணு கொட்டினா தண்ணி எங்க வீட்டு ஹாலுக்கு வருது. ஃபிரிட்ஜ் ரெண்டு தடவை மாத்திட்டேன். சதுப்பு நிலத்தை காப்பாத்தணும்னு யார் மனு போட்டாலும் என் கையெழுத்து உண்டு, காரணம் ஃபிரிட்ஜ்னே எழுதிக்கோங்க.

---

பாரிமுனை வக்கீல்:

மணலிக்காரர் சொன்னதும் நியாயமான ஆட்சேபம்தான், சிரிக்கல, உண்மையாவே அப்படித்தான் எழுதணும். "பறவைகளை காப்பாற்றுங்கள்"னு பொத்தாம்பொதுவா எழுதற மனு குப்பைக்கு போகும்.

சூழல் உணர்திறன் மண்டலம் பத்தி வரைவு அறிவிக்கை வந்தா 60 நாள் டைம் இருக்கும், யாரு வேணாலும் ஆட்சேபம் அனுப்பலாம், வக்கீல் தேவையே இல்ல. தமிழ்ல எழுதுங்க. சர்வே நம்பர், ஏரியில எந்த பக்கம், எந்த மாசம் எந்த பறவை நிக்குது, அங்க எந்த மீன் கெடைக்குது, யாருக்கு பாடு, மழைக்கு தண்ணி எங்க வடியுது, இதெல்லாம் ஊர்க்காரனுக்குதான் தெரியும், ஆபீஸ்ல இருக்கறவனுக்கு தெரியாது. பெரம்பூர்காரர் கையில தேதியோட பறவை கணக்கு இருந்தா அதை இணைப்பா குடுங்க. ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை சீட்டு வாங்கி வைங்க. எண்ணூர் சாம்பல் விஷயத்துல பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல தீர்ப்பு சொல்ற அளவுக்கு போனது மீனவங்க வருஷக்கணக்கா போட்டோவும் மனுவும் சேர்த்து வெச்சதாலதான்.

சீக்கிரம் பண்ணுங்க. கட்டி முடிச்சுட்டு அப்புறம் அனுமதி வாங்கறது செல்லாதுன்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, சந்தோஷப்பட்டோம், அதே வருஷம் நவம்பர்ல அதே கோர்ட் பெரும்பான்மைத் தீர்ப்புல அதை திரும்ப வாங்கிடுச்சு. அதனால கட்டினதுக்கு அப்புறம் போய் நின்னு பிரயோஜனம் கம்மி.

---

காசிமேடு கணக்கு:

நான் இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா உரிமைத் தீர்வு விஷயம் எனக்கு தெரியாது, அதை எங்க சங்கத்துலயும் கேட்டு பாக்கறேன். அந்த 24-ஆம் பிரிவு தமிழ்ல எங்க கெடைக்கும்?

---

திருவொத்தியூர்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மாமாவுக்கு போன் போட்டு வக்கீல் சார் எழுதுனதை முழுசா படிச்சு காட்டினேன். நடுவுல ரெண்டு தடவை லைன் கட்டாச்சு, ஒரு தடவை நெசமாவே சிக்னல் இல்ல, இன்னொரு தடவை அவரே வெச்சுட்டாருன்னு நினைக்கறேன்.

மறுபடி அவரே கூப்பிட்டாரு. பூநாரை பத்தி ஒண்ணும் பேசல. "அந்த 24-ல நாமளே எழுதி குடுத்தா எடுத்துக்குவானா"ன்னு கேட்டாரு. எடுத்துக்கணும் மாமா, சட்டம்னேன். "தாத்தா பேர்ல ஒரு பழைய ரசீது தகரப்பெட்டியில இருக்கு, எழுத்து தேஞ்சிருக்கும்"னாரு. எண்ணூர் வர்றீங்களா, அண்ணாத்த டீ வாங்கி தரேன்னாருன்னு சொன்னேன், "அங்க மடவை மீனு கெடைக்குமா"ன்னு கேட்டாரு. இல்லையாம் மாமான்னேன். கொஞ்ச நேரம் பேசல.

சனிக்கிழமை முகூர்த்த நாளு, அவருக்கு ஒரு கல்யாணம் இருக்கு, அதனால ஞாயித்துக்கிழமை காலைல நெட்டுக்குப்பம் வர்றோம். அண்ணாத்த, லொகேஷன் அனுப்புங்க.